பாதிப் பெயர்

கல் வெட்டுகிறவர் பத்து மணிப் பேருந்தில் வந்து இறங்கினார். தோளில் ஒரு கித்தான் பை. நடக்கும்போது உள்ளே உளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பேருந்து திரும்பும் இடத்தில் நின்ற நினைவுக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கல்லும்மா. இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

நிற்கட்டும், எனக்கென்ன என்று பக்கத்தில் நின்ற தையல்காரம்மாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கல்லில் பெயர் இருந்தவர்கள் யாரும் ஊருக்குத் திரும்பியதில்லை, பிணமாகக்கூட. முதல் போர் முடிந்தபோது உடல் வந்து சேராத ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து வண்டி பிடித்துக் கொண்டுவந்து நட்ட கல் அது. வந்தவர்களுக்கு இடுகாடு, வராதவர்களுக்கு இது. அடுத்த போரில் இன்னும் பதினான்கு பெயர்கள் ஏறின. மேல்வரிசைகளைப் பாசி மூடிவிட்டது. ஆனால் கீழே எப்போதும் இடம் இருந்தது.

இருபத்துநான்காவது பெயர் அவள் மகனுடையது.

ஏழு வருடமாக அவன் 'காணவில்லை'. பட்டாளத்துக் காகிதத்தில் வந்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் காலத்தை ஓட்டினாள். காணாமல் போனது கிடைக்கக்கூடும் இல்லையா? ஆனால் வீட்டில் மருமகள் இருந்தாள். வயது முப்பது. அவளும் எதிரே இன்னொரு தையல் மெஷினில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்தே ஏழு வருடத்தைத் தீர்த்திருந்தாள். நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். மகன் இறந்துவிட்டான் என்று தாய் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வழி.

போட்டுவிட்டாள். அதனால்தான் கல் வெட்டுகிறவர் வந்திருந்தார்.

பெயரில் பிழை வந்துவிடக் கூடாது என்று வீட்டார் ஒருவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். கல் வெட்டுகிறவர் கல்லின் மேல் பென்சிலால் எழுதிக் காட்டினார்.

"சரியா இருக்கா பாருங்க. உயிரோட இருக்கிறவன் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனா சண்டைக்கு வருவான். இவங்க வரமாட்டாங்க. அதனாலயே கவனமா இருக்கணும்."

"சரியாத்தான் இருக்கு. வெட்டுங்க."

பாதிப் பெயர்வரை ஒழுங்காகப் போனது. பிறகு, சுத்தியல் விழுந்த ஒவ்வொரு முறையும் இன்னொரு சத்தம் கேட்டது. சற்றுப் பிந்தி, சற்று அமுங்கி.

"உள்ளே எங்கயோ பொள்ளலா இருக்கு போல" என்றார் அவர். "எதிரொலிதான்."

சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தூக்கியவர் இறக்கவில்லை.

சத்தம் நிற்கவில்லை.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு.

ஏழு வயதிலிருந்து அவள் மகன் வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவான். மூன்று தட்டி, அம்மா வருகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டு, இன்னும் ஒன்று.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்துங்க. என் பிள்ளை இருக்கான்."

"அம்மா, பாதியில விடக்கூடாது." அவர் உதடு வெளுத்திருந்தது. "முழுசா வெட்டணும், இல்லைன்னா உளியே வைக்கக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. விட்டதில்ல, அவ்வளவுதான்."

அவள் கையை விடவில்லை. அவர் மதியப் பேருந்தில் திரும்பிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் அவளுக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தாள். வாசற்படியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. கல் தூள். மாவைவிட மென்மை. குனிந்து பார்த்தாள்.

பட்டாளத்துப் பூட்ஸின் அடி. வலது கால் மட்டும்.

வந்த தடம் இல்லை, போன தடமும் இல்லை. கதவைப் பார்த்து நின்ற ஒற்றைத் தடம்தான்.

பின்னால் மருமகள் வந்து நின்றாள். அவள் கையில் ஏற்கெனவே ஈரத்துணி இருந்தது.

"இன்னைக்கு எனக்கு முன்னாடி எழுந்துட்டீங்களா அத்தை?"

"எத்தனை நாளா துடைக்கிற?"

"கல் வெட்டுறவர் பாதியில விட்டுட்டுப் போனாரே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?" மருமகள் மண்டியிட்டுத் துடைத்தாள். ஓரங்களை மெதுவாக, தூங்குகிறவனின் முகத்தைத் துடைப்பதுபோல. "முடிக்கச் சொல்லிடுங்க அத்தை. பாவம், ராத்திரி பூரா ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

அந்த வார்த்தைக்குப் பிறகு தாயால் தாங்க முடியவில்லை. அன்றே ஆள் அனுப்பினாள்.

கல் வெட்டுகிறவர் வந்து மீதியை வெட்டினார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் அழுத்தி வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து தட்டு வந்துகொண்டே இருந்தது. எழுத்துக்கு எழுத்து மெலிந்தது. கடைசி எழுத்துக்கு அது நின்றது.

மறுநாள் படி சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த நாளும். பெற்ற பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதுபோல அவள் மெஷின் மேல் தலைவைத்து அழுதாள். ஆனாலும் ஒருத்தியாவது பிழைத்தாள் என்று தேற்றிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொள்ள மருமகள் ஒரு பெட்டியோடு நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். ஆறு மணி நேரப் பயணம். கல்லைத் தாண்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஜன்னல் வழியே தாய் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, மதியம், சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அத்தை."

"ஏம்மா இவ்வளவு மெதுவா பேசற? அவர் தூங்கறாரா?"

"கடைக்குப் போயிருக்கார். தனியாதான் இருக்கேன்." மூச்சுவிடும் சத்தம். "வாசல்ல வெள்ளையா இருக்கு. காலையில துடைச்சேன். திரும்ப இருக்கு."

தாயின் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டி சட்டை மேலேயே நின்றுவிட்டது.

"ஒத்தைக் காலா?"

"ரெண்டும்."

துணி கருகும் நாற்றம் எழுந்தது. அவள் அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தவனுக்கு மீதிப் பெயரோடு இன்னொரு காலையும் வெட்டிக் கொடுத்தது யார்? இரண்டு காலும் வந்துவிட்டவன் ஆறு மணி நேரத் தூரத்தையும் நடந்திருக்கிறான்.

அவளுடைய படி சுத்தமாகவே இருந்தது. தாயைத் தேடி அவன் வரவில்லை.

போனுக்குள் கேட்டது.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு.

"திறக்கட்டுமா அத்தை?" மருமகளின் குரலில் இப்போது பயம் இல்லை. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

திறக்காதே. பின்பக்கமாக ஓடு. அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ரொம்ப மெலிஞ்சு போயிருக்கானாம்மா?"

அந்தப் பக்கம், தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.