முடி காட்டிக்கொடுத்த பயம்

பனியில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டி ஏரிப்பக்கம் திரும்பியிருந்தது. சைலா அதைச் சுவர்ப்பக்கம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தாள். நான்கு மாதக் குழந்தை ஆர்வோ, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல, கம்பளிக்குள் பொதிந்து வெளியே மதியத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும், ஆறிப்போன காப்பியின் வாடையும், உறைந்த ஏரி அடிவயிற்றிலிருந்து முனகும் சத்தமும் தினமும் உள்ளவைதான். காற்றுதான் திருப்பியிருக்கும் என்று நினைத்தாள். எதிர்வீட்டுப் புகை ஆடாமல் நேராக ஏறிக்கொண்டிருந்தது.

காலணியைத் தேடும்போது கைபேசி அடித்தது. ஆய்வு மையத்து நர்ஸ் டூவி.

"சைலா, கர்ப்பமா இருந்தப்போ மாசாமாசம் எழுதிக் குடுத்தீங்களே, பயம், பதற்றம் எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னுதானே போட்டீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"பிரசவத்தப்போ சோதனைக்கு வெட்டி எடுத்தோமே உங்க தலைமுடி, அதுல இருக்கிற ஹார்மோன் வேற சொல்லுதும்மா. கடைசி மூணு மாசமும் கடுமையான பதற்றம். சீக்கிரம் பதற வைக்கிற உங்க மரபணுவும் குழந்தைக்கு வந்திருக்கு. ஒண்ணு மட்டும்னா பரவாயில்ல. ரெண்டும் சேர்ந்தா மூளை வளர்ற விதமே மாறலாம். எதுக்கும்மா அப்படிப் பயந்தீங்க?"

"கொசுவுக்கு" என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டாள்.

ஏரிக்கரையில் எந்நேரமும் இந்த வீட்டையே பார்த்து நிற்கும், ஆள்போலிருந்தும் ஆளல்லாத அந்த நெட்டையனை அவளுடைய அம்மா ரைலியும் பார்த்தவள்தான். சாகும்வரை வாய் திறக்கவில்லை. ஆர்வோவின் கண்ணில் மட்டும் அது படவே கூடாது என்று சைலா ஒன்பது மாதமும் அந்தப் பக்கம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஏரிப்பக்கச் சன்னலுக்குத் திரை, வாயில் பாட்டு, தாளில் 'இல்லை'. வாயை மூடிக்கொண்டால் பயம் உள்ளேயே கிடந்துவிடும் என்று நம்பியிருந்தாள். என்ன முட்டாள்தனம்! உள்ளேதானே ஆர்வோவும் கிடந்தான்.

திரையை விலக்கினாள். கரையில் யாரும் இல்லை.

பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காலுறையோடு ஓடினாள். சொட்டும் ஓசை நின்றிருந்தது. ஏரி முனகவில்லை. பனியில் தடம் இல்லை.

வண்டிக்கு முன்னால் காலை ஊன்றி நின்றாள்.

"எத்தன வருஷமா எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற, வெக்கமா இல்ல உனக்கு? எங்கம்மா பயந்தா. நானும் பயந்தேன். ஆமா, பயந்தேன்! அது என்னோட போகட்டும். இவன் மேல கை வச்சே, நடக்கிறதே வேற!"



முதுகுக்குப் பின்னால் ஆர்வோ சிரித்தான். பிறந்ததிலிருந்து அவன் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை.

திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வண்டியின் அந்தப் பக்கம் பார்த்தான். மேலே. இன்னும் மேலே. இடது கையைத் தூக்கியிருந்தான். கையுறையின் நுனி தானாக இழுபட்டு, விறைத்து நின்றது.

மண்வெட்டி விழுந்தது. அவனுடைய வலது கையை இறுக்கிப் பிடித்தாள்.

"விட மாட்டேன்" என்றாள்.

இடது கையுறை இன்னும் கொஞ்சம் நீண்டது.