செவலைக்குப் பூசிய எண்ணெய்

மத்தியானம் குசினியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த குணரத்தினத்துக்கு உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சொறியும்போது நாயின் பின்னங்கால் நிலத்தில் அடிபடுமே, டொக் டொக் டொக் என்று, அதே சத்தம். அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருந்தது ஒரே நாய், செவலை. முந்தநாள் விடிய அதை வேலிக்கரையில் புதைத்தவன் அவனேதான்.

யப்பான்காரன் போட்ட குண்டில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி பற்றி, இன்றோடு ஆறு நாளாக எரிகிறது. கரும்புகை வானத்தை மூடிக் கிடக்க, பட்டப்பகலில் குப்பி விளக்குக் கொளுத்திக்கொண்டுதான் சமையல். சோறு, தண்ணீர், தலையணை எல்லாவற்றிலும் அந்த எரிந்த எண்ணெய் நாற்றம்தான். வேறு எது மணத்தாலும் மூக்குக்குத் தெரியாது.

அவன் மனைவி தங்கேஸ்வரி ஐந்து நாளைக்கு முன்பே முத்தலிப்பின் மாட்டு வண்டியில் திரியாய்க்குப் போய்விட்டாள். ஏழு வயது மகள் பத்மாசனிதான் ஏறமாட்டேன் என்றாள். செவலையை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டாளாம். செவலைக்கோ உடம்பெல்லாம் சொறி. முதுகு மயிர் கொட்டி, தோல் தடித்து வெடித்து, காதோரம் பொருக்கு.

"சொறிநாயை ஏத்தேலா தம்பி, புள்ளைகளுக்கும் தொத்தும்," என்றார் முத்தலிப். "கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசுங்க. ஆறு நாளால திரும்பி வாறன்."

கந்தகத்துக்கு அவன் எங்கே போவான்? கடையெல்லாம் பூட்டு. ஆனால் அவன் தாங்கியில் வேலை செய்கிறவன், வீட்டில் வேலிக் கப்புக்கால்களைக் கறையான் அரிக்காமலிருக்கப் பூசும் கறுப்பெண்ணெய் ஒரு தகரமாவது இருக்கும். கறையானைக் கொல்கிறது சொறியைக் கொல்லாதா என்று நினைத்தான், மடையன். மூக்கிலிருந்து வால் வரை தேய்த்துவிட்டான். செவலை இரவெல்லாம் அதை நக்கியது. அடுத்த நாள் வாயில் நுரை, அந்த வெக்கையிலும் குளிரில் நடுங்குவதுபோல நடுக்கம். கடைசிவரை அவன் கையையும் நக்கிக்கொண்டேதான் கிடந்தது.

மகளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"செவலை எங்க அப்பா?"

"சுகமாகிட்டுது மகள். மயிரெல்லாம் முளைச்சிட்டுது. அம்மாட்டைத் திரியாய்க்கு ஓடிட்டுது."

"அந்த எண்ணெயாலயோ?"

"ஓம்."

அவள் விரலிடுக்கைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். செவலையைக் கட்டிப்பிடித்துப் படுத்தவள், அவளுக்கும் சிவப்புச் சிவப்பாய்ப் போட்டிருந்தது. நாளைக்கு வண்டி வரும், திரியாயில் பரியாரியிடம் மருந்துக்குக் காட்டலாம் என்று விட்டுவிட்டான்.

டொக் டொக் டொக்.

விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பாய் வெறுமை.

"பத்மா?"

சத்தம் நின்றது. நிலத்தில் கறுப்பாய் ஏதோ பளபளத்தது. கால் வழுக்கியது. கட்டிலுக்குக் கீழே விளக்கைப் பிடித்தான்.

தகரம். கவிழ்ந்து கிடந்தது. வெறுந்தகரம்.

அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கால்.

உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. கண் மட்டும் வெள்ளை.

"நானும் பூசினனான் அப்பா," என்றாள். "எனக்கும் சுகமாகும் என்ன? ஆனாக் குளிருது."

இழுத்து மடியில் போட்டான். வேட்டியை அவிழ்த்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பு. அவள் உதடும் கறுப்பு. நடுங்கினாள். அந்த நடுக்கம் அவனுக்குத் தெரிந்த நடுக்கம். "நான் பொய் சொன்னனான் மகள், பொய் சொன்னனான்," என்று அழுதான்.

"துடைக்காதேங்கோ," என்றாள் அவள், கண்ணை மூடியபடி. "செவலை நக்கிவிடுது."

முதுகைத் திருப்பிப் பார்த்தான். அவள் கை எட்டாத இடம், நிலத்தில் சிந்திய எண்ணெயில் கிடந்து கறுத்திருந்தது. கறுப்புக்கு நடுவே நாலைந்து கோடுகள், நாக்கு அகலத்தில், சுத்தமாய்.

அவள் கால்கள் அவன் மடியில் அசையாமல் கிடந்தன. கட்டிலுக்குக் கீழே மறுபடி டொக் டொக் என்றது. பிறகு அது நின்றது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகளின் பிடரியில் இன்னொரு கோடு, ஈரமாய், மெல்ல மெல்ல மேலேறியது.