ஐந்து எண்ணும் வரை

மதிப்பீட்டாளர் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது, அதன் நடுவில் 'டக்' என்று ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். ஆனால் அதன் கருகல் நாற்றம் அறை முழுவதையும் பிடித்துக்கொண்டது.

"இது நான் செம்புக் கம்பி சுத்தி காயில் கட்டின மோட்டார். எரிஞ்சதுக்கு நான் காரணம் இல்லன்னு நிரூபிச்சுக் குடுங்க. நான்தான் காரணம்னா அதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. கடைய இழுத்துப் பூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள் வந்தவள்.

நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. கோபத்தில் இருப்பவர்களுக்கு நாற்காலி பிடிப்பதில்லை.

எரிந்த இயந்திரங்கள் ஏன் எரிந்தன என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு இருபத்தாறு ஆண்டுகள் அறிக்கை எழுதியவர் மதிப்பீட்டாளர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவருடைய மனைவியின் தம்பியும் அவரை விட்டுப் போகவில்லை. யோசிப்பதற்கு முன்பே வெடித்துவிடுவதால் அந்தத் தம்பிக்கு 'பட்டாசு' என்று பெயர்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க, மாமா!" என்றான் பட்டாசு.

"என்ன நடந்துச்சுன்னே இன்னும் அவங்க சொல்லல, மாப்ள."

அவள் சொன்னாள். ஊரில் ரேடியோ ஹெலிகாப்டர் சங்கம் ஒன்று உண்டு. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிடுவார்கள். விசிறியை விரித்தால் ஓர் ஆள் உயரம் வரும். அவற்றின் மோட்டார்களுக்கெல்லாம் காயில் கட்டுவது இவள். அவற்றைப் பூட்டிப் பராமரிக்கும் மெக்கானிக் இவளுடைய அண்ணன். போன ஞாயிற்றுக்கிழமை, பயிற்சியின்போது சங்கத்தின் முன்னணி விமானி பறக்கவிட்ட ஹெலிகாப்டரின் மோட்டார் நடுவானில் எரிந்தது. விசிறி வேகம் இழந்து, ஹெலிகாப்டர் விமானியின் மேலேயே விழுந்தது. கையில் பதினொரு தையல்.

"மட்டமான கம்பி போட்டு கட்டினேனாம். 'இவர் கட்டிய மோட்டாரை யாரும் பயன்படுத்த வேண்டாம்'னு பலகையில ஒட்டிட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம் போட்டு முடிவு பண்றாங்க. இந்தச் சங்கத்தை விட்டா எனக்கு வேற வேலை கிடையாது, சார்."

"உங்க அண்ணன் என்ன சொன்னார்?"

அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. 'என் தங்கச்சிதான், ஆனா கம்பி சரியில்லையோ என்னவோ'ன்னாரு."

மதிப்பீட்டாளர் மோட்டாரைப் பிரித்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். உள்ளே பன்னிரண்டு சுற்றுகள். பன்னிரண்டும் ஒரே மாதிரி கருகியிருந்தன. பிறகு வெளி ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். பளபளப்பான உலோகத்தில் நகத்தளவு ஒரு சதுரம் மட்டும் மங்கலாக இருந்தது. தொட்டால் பசை ஒட்டியது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"கறுப்பு டேப்பு. நான் கட்டுற எல்லா மோட்டாரிலும் ஒட்டுவேன். சூடு பார்க்கிற துப்பாக்கிய அது மேலதான் காட்டணும். சூட்டுல உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்தா ஓரத்துல கொஞ்சமாவது ஒட்டிட்டு இருக்கும். இது சுத்தமா உரிச்ச மாதிரி இருக்கு" என்றார் அவர்.

மூவரும் சங்கத்தின் பட்டறைக்குப் போனார்கள். அண்ணன் பணிவாக வரவேற்றார். ஒரு ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆனால் திருப்புளியைக் கட்டைவிரல் படாமல் நான்கு விரல்களால் பிடித்திருந்தார். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"ஈயம் பத்தவைக்கும்போது சால்டரிங் அயர்ன் சுட்டுடுச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

நொறுங்கிய ஹெலிகாப்டர் மேசையில் கிடந்தது. மோட்டார் பூட்டும் தகட்டில் வாஷர் அழுந்திய வட்டத் தடங்கள் இரண்டு ஜோடி தெரிந்தன. ஒரு ஜோடி பழையது, அழுக்கேறியது. மற்றது அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, புதிதாக மின்னியது. மதிப்பீட்டாளர் அங்கிருந்த சங்கச் செயலாளரிடம் பறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹெலிகாப்டர் இறங்கியதும் மெக்கானிக் மோட்டாரின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ண வேண்டும்; அதிகச் சூடென்றால் விரல் அதுவரை தாங்காது. பிறகு துப்பாக்கி வடிவ வெப்பமானியைக் காட்ட வேண்டும்; வரும் எண்ணைச் செயலாளர் எழுதுவார். அறுபதைத் தாண்டினால் அன்று அந்த மோட்டார் பறக்கக்கூடாது.

பட்டாசு எட்டிப் பார்த்தான். "முன்னாடியெல்லாம் ஏழு நிமிஷம் பறந்திருக்கு, சூடு அம்பத்திரண்டு, அம்பத்து மூணு. கடைசி நாலு தடவை அஞ்சு நிமிஷம், நாப்பத்து நாலு, நாப்பத்து மூணு. மாமா, சூடு குறைஞ்சிருக்கு! மோட்டார் நல்லாத்தானே இருந்திருக்கு?"

"ரெண்டு நிமிஷம் முன்னாடியே பேட்டரி தீர்ந்திருக்கு, மாப்ள. அவ்வளவு வேகமா குடிச்ச மின்சாரம் எங்க போச்சு?"

பட்டாசு பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து படித்தான். அபூர்வம்.

நான்கு மணிக்குச் சங்க அறையில் எல்லோரும் கூடினார்கள். கையைத் துணிக்கட்டில் கழுத்தோடு மாட்டியிருந்த விமானி அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். "இவங்களை எதுக்கு உள்ள விட்டீங்க? என் கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உக்காருங்க. உங்க கோபம் நியாயம்தான். ஆள்தான் தப்பு" என்றார் மதிப்பீட்டாளர்.

தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் கெட்டிலை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அதன் வயிற்றில் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டி, வெப்பமானியைச் செயலாளரிடம் கொடுத்தார்.

"டேப் மேல காட்டுங்க."

"தொண்ணூத்தி நாலு."

"இப்ப பக்கத்துல, பளபளன்னு இருக்கிற இடத்துல."

செயலாளர் காட்டினார். மீண்டும் காட்டினார். "முப்பத்தெட்டா? கருவி கெட்டுப்போச்சா?"

"கருவி நல்லா இருக்கு. பளபளப்பான உலோகத்துல சூடு இருக்கிறதைவிடக் குறைவாத்தான் காட்டும். அதனாலதான் இந்தம்மா டேப் ஒட்டினாங்க. டேப்பை உரிச்சா நூறு டிகிரி மோட்டாரும் நாப்பத்து மூணுன்னு சொல்லும். நீங்க பார்த்ததைத்தான் எழுதினீங்க."

"என் கம்பி?" என்றாள் அவள்.

"கம்பி மட்டமா இருந்தா பலவீனமான சுற்றுதான் முதல்ல கருகும். இதுல பன்னிரண்டும் ஒரே மாதிரி வெந்திருக்கு. தாங்க முடியாத சுமையை ஏத்தி ஓட்டியிருக்காங்க. ஏத்தினது எப்படின்னு தகட்டுல எழுதியிருக்கு. மோட்டார் முனையில பினியன்னு ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கு. பதினொரு பல் பினியனைக் கழட்டிட்டுப் பெரிய பினியன் போட்டா, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளிப் பூட்டணும். புதுத் தடம் அதுதான். விசிறி வேகமாச் சுத்தும். மோட்டார் வேகும். விழுந்தப்புறம் பழைய பினியனை மாட்டி, மோட்டாரைப் பழைய இடத்துக்கே தள்ளியாச்சு."

விமானி மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். "போட்டிக்கு வேகம் வேணும்னு நான்தான் கேட்டேன். 'செட்டிங்ல சின்ன மாற்றம், பயப்படாதீங்க'ன்னு சொன்னே இல்ல?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "பினியன் மாத்தினது நிஜம்தான், ஒத்துக்கறேன். ஆனா மோட்டார் அவ்வளவு சூடாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கி நாப்பத்து மூணுன்னுதானே காட்டுச்சு? எல்லாரும் பார்த்தாங்களே!"

"உங்க கட்டைவிரலுக்குத் தெரியும். சால்டரிங் அயர்னை எந்தக் கையில பிடிப்பீங்க?"

"வலது கையில."

"வலது கையில பிடிச்ச அயர்ன் வலது கட்டைவிரல் வயித்தையா சுடும்? பிளாஸ்திரியைப் பிரிங்க."

அண்ணன் பிரிக்கவில்லை. செயலாளர் வந்து பிரித்தார். கொப்புளத்தின் மேல் மூன்று இணைகோடுகள் பதிந்திருந்தன. மோட்டார் ஓட்டிலிருந்த மூன்று நீளமான காற்றுத் துளைகளின் அதே இடைவெளி. பட்டாசு மோட்டாரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் பொருந்தின.

"நாலு தடவை தொட்டுப் பார்த்திருக்கீங்க. ஒரு தடவையாவது ஐந்து வரைக்கும் எண்ணியிருக்க மாட்டீங்க. தெரிஞ்சே மறுபடி மறுபடி மேல அனுப்பியிருக்கீங்க" என்றார் மதிப்பீட்டாளர். இருபத்தாறு ஆண்டுகளாக அறிக்கைகளில் அடக்கிவைத்த கோபம் அவர் குரலில் இருந்தது.

செயலாளர் பலகைக்குப் போய் அறிவிப்பைக் கிழித்தார். விமானி அவளைப் பார்த்து நல்ல கையை நெஞ்சில் வைத்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணன்டி நான். போட்டி முடிஞ்சதும் பழசையே மாட்டிடலாம்னு இருந்தேன். உனக்கு இவ்வளவு தூரம் ஆகும்னு நினைக்கல" என்றார் அண்ணன்.

"'என் தங்கச்சிதான், ஆனா'ன்னு இழுத்தியே. அந்த 'ஆனா'வை எங்கேருந்து எடுத்தே? ராத்திரியெல்லாம் நான் கம்பியை ஒவ்வொரு சுற்றா எண்ணி எண்ணிப் பார்த்தேன். எங்க தப்புப் பண்ணேன்னு தேடிக்கிட்டே இருந்தேன். பக்கத்து மேசையில உக்காந்து நீ டீ குடிச்சே!"

அவள் பட்டாசுவின் கையிலிருந்து மோட்டாரைப் பிடுங்கி, அண்ணனின் முன்னால் நீட்டினாள்.

"கட்டைவிரலை வை. ஐந்து எண்ணு."

மோட்டார் எரிந்து ஆறு நாளாகியிருந்தது. ஜில்லென்று இருந்தது. அண்ணன் கட்டைவிரலை வைத்தார்.

"ஒண்ணு… ரெண்டு…" என்றார்.

மூன்றுக்கு முன் கையை இழுத்துக்கொண்டார்.