துடுப்பு இரண்டு முறை தட்டியது

பரிசலில் கால் வைத்தபோதே நிர்மலாவுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. பதினோரு வருஷமாக அவள் ஏறி இறங்குகிற பரிசல்தான். மூங்கில் பின்னி, அடியில் தார் பூசி, அவள் புருஷன் கலைவாணன் தன் கையாலேயே செய்தது. எதிர்ப்பக்கம் அவன் உட்கார்ந்திருந்தால், அவள் ஏறும்போது அது லேசாக ஆடி நின்றுவிடும். இன்றைக்கோ அவள் பக்கம் சட்டென்று தாழ்ந்து, விளிம்பைத் தாண்டி ஒரு கை தண்ணீர் உள்ளே வந்தது. ஆளில்லாத பரிசலில் ஏறினால்தான் அப்படி ஆகும். ஆனால் ஆள் இருக்கிறானே! பனிமூட்டத்துக்குள், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, துடுப்பை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஏங்க, இந்தாங்க டீ. ஆறிடப் போவுது."

தூக்குப்போசியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. துண்டிலிருந்தும் லுங்கியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணில வுழுந்துட்டீங்களா? மார்கழிக் குளுருல இப்படி ஈரத்தோட குந்தியிருந்தா காய்ச்ச வராம என்ன வரும்?"

அவன் துண்டைக்கூட விலக்கவில்லை. கோடையில் மேட்டூர் டேம் தண்ணீர் வற்றி, நாகமரைப் பக்கம் அடித்தரை வெளியே தெரியும்போது ஒரு சேற்று வாடை வருமே, அந்த வாடை அவன் பக்கமிருந்து வந்தது. நிர்மலா தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். ஐயோ, பார்த்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த ஒரு பயம்தான் அப்போது அவளுக்கு.

விஷயம் இதுதான். அந்தத் தண்ணீரில் ஏழெட்டு நீர்நாய்கள் உண்டு. வலையில் சிக்கிய கட்லா மீனையும் ஜிலேபிக் கெண்டையையும் தலையோடு கடித்துத் தின்றுவிட்டு, வலையையும் கிழித்துப்போட்டுப் போகும். மற்ற பரிசல்காரர்கள் கல்லெடுத்து அடிப்பார்கள். கலைவாணனோ, வலை தூக்குமுன் பரிசல் விளிம்பில் துடுப்பால் தட்டி, முதல் மீனை ஆற்றுப் பங்கு என்று எறிவான். தட்டின சத்தம் கேட்டதும் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு காது கிழிந்த பெண் நீர்நாய் ஒன்று அவன் கையிலிருந்தே வாங்கித் தின்னும். அதற்குச் சின்னப் பாப்பா என்று பெயர் வேறு. பிள்ளையில்லாத வீட்டில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோக்கிறவள் அவள். கொஞ்சல் மட்டும் அதற்கா?

அதனால் நேற்றுச் சாயங்காலம், அவன் ஏரியூருக்குப் போயிருந்த நேரத்தில், அவள் தனியாகப் பரிசலை எடுத்துப் போனாள். நீர்நாய்கள் கரையேறுகிற வழியில், தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கிற பனைமரத்தை ஒட்டி, பழைய நைலான் வலையை இரட்டையாக மடித்துக் கல் கட்டி இறக்கினாள். மிதப்புக்குக் கட்டிய தண்ணி பாட்டிலையும் மேலே தெரியாதபடி அமுக்கிவிட்டாள். உள்ளே போனது மூச்சுவிட மேலே வர முடியாது. ஒன்று செத்தால் மற்றதெல்லாம் ஓடிவிடும் என்பது அவள் கணக்கு.

விடியலுக்கு முன்னால் கலைவாணன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"இந்தா புள்ள, நீர்நாய்ங்க கத்துது. கேக்குதா?"

"நாய் கத்தாம என்ன பண்ணும்? சும்மா படுங்க."

"இல்ல, இது வேற மாதிரி கத்துது."

அவன் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனதை, அவள் போர்வைக்குள்ளிருந்து பார்த்தாள். நில்லுங்க, நான்தான் வலை கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெளிச்சம் வருகிற நேரத்துக்கு டீயோடு கரைக்கு வந்தபோது, அவன் பரிசலில் இப்படி உட்கார்ந்திருந்தான்.

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. நிர்மலா முன்பக்கம் மண்டியிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான். வலை தூக்குகிறவள் திரும்பினால் பரிசல் சாய்ந்துவிடும். பேசினால் மீன் கலைந்துவிடும் என்று அவள் மாமனார் காலத்திலிருந்தே பரிசலில் யாரும் வாய் திறப்பதில்லை. துடுப்பால் விளிம்பில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் தூக்கு. பின்னால் இருக்கிறவன் மௌனமாக இருப்பது புதிதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் வலை போட்டிருந்த இடம் வந்தது. இரண்டு தட்டு. இழுத்தாள். கட்லா, ஜிலேபி, ரோகு என்று வலை நிறைய மீன். ஒன்றில்கூடப் பல் படவில்லை. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு வலையை அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், எங்காவது பல் பட்டிருக்கிறதா என்று மறுபடி புரட்டிப் பார்த்தாள்.

அப்புறம் அவை வந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு தலை, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் பரிசலைச் சுற்றி வட்டமாக எல்லாமே. எப்போதும் கீச்சுக்கீச்சென்று சண்டை போட்டுக்கொண்டு வருகிற கூட்டம், இன்றைக்கு மூச்சுச் சத்தம் மட்டும்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம். மீசையில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது தெரிந்தது. அவள் மீனை எறிந்தாள். அது ஒன்றின் மூக்குக்கு முன்னால் விழுந்து அப்படியே மிதந்து போயிற்று.

அவை மீனைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

காது கிழிந்த நீர்நாய் நேரே வந்து, முன்னங்கால் இரண்டையும் பரிசல் விளிம்பில் வைத்தது. அதன் கழுத்தில் நைலான் கயிறு ஒன்று வளையமாகக் கிடந்தது. நிர்மலா கட்டிய வலையின் பச்சைக் கயிறு. நுனி பிய்ந்திருக்கவில்லை, கத்தி வைத்துச் சீராக அறுத்திருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஆக, அவன் போய்ப் பார்த்திருக்கிறான். முங்கி, அறுத்துவிட்டு வந்திருக்கிறான். அதனால்தான் ஈரம், அதனால்தான் சேற்று வாடை, அதனால்தான் டீ வேண்டாம். கோபம்தானே? இருக்கட்டும், திட்டட்டும், வேண்டுமானால் ரெண்டு அடிகூட அடிக்கட்டும். அவள் வழக்கத்தை மீறி வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க கட்டினேன். புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன். ஏதாவது பேசுங்க."

பரிசல் திரும்பியது. வீட்டுப் பக்கம் இல்லை. மொட்டைப் பனைமரத்தின் பக்கம்.

"அதான் அறுத்துட்டீங்களே. அங்க எதுக்கு? வூட்டுக்குப் போலாங்க."

துடுப்பு நிற்கவில்லை. நீர்நாய்கள் இரண்டு பக்கமும் கூடவே நீந்தின. அவள் முஷ்டியை மடக்கி விளிம்பில் ஒரு முறை தட்டினாள். நிறுத்து. இன்னொரு முறை தட்டினாள். நிற்கவில்லை. அவள் பின்கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவன் உட்கார இடமே இல்லையே என்று நினைத்தாள்.

மரம் வந்தது. பரிசல் அதன்மேல் இடித்து நின்றது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பனி பிரிந்து பிரிந்து போனது. தண்ணீருக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அவளுடைய பாட்டில் தெரிந்தது.

இரண்டு தட்டு.

"வேணாங்க."

இரண்டு தட்டு.

பிடித்தாள். இழுத்தாள். கனம். கல்லின் கனம் இல்லை. கல் இப்படி மெதுவாகச் சுழன்று வராது. விரலை நைலான் அறுத்தது. விடவில்லை. விட முடியவில்லை. நீர்நாய் ஒன்று மெல்ல அழுதது.

முதலில் வந்தது ஒரு கை. கத்தியை இறுக்கிப் பிடித்த கை. முன்னங்கையில் பச்சை குத்திய எழுத்து, திருவிழாவில் குத்தியது, கோணல்மாணலாக. அவள் பெயர்.

நிர்மலா இழுப்பதை நிறுத்தவில்லை. அப்புறம் தோள் வந்தது. அப்புறம், பச்சை வலை இரட்டையாகச் சுற்றிய முகம். பாதி அறுத்த கயிறு வாய்க்குக் குறுக்கே கிடந்தது. கண் திறந்திருந்தது.

கலைவாணன்.

அவள் அவனை விடவில்லை. இரண்டு கையாலும் வலையோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டாள். திரும்பவில்லை. காது கிழிந்த நீர்நாய் அவளைத் தாண்டிப் பின்னால் நீந்திப் போனது. அங்கே யாரோ ஒரு மீனை எடுத்து நீட்டினார்கள். அது வாங்கி மென்று தின்கிற சத்தம் கேட்டது.

பிறகு அவள் காதுக்குப் பக்கத்தில், விளிம்பின்மேல், துடுப்பு மெல்ல இரண்டு முறை தட்டியது.