சட்டைக் கையில் ஒரு சிவப்பு டிக்

பஸ் குலுங்கியதால் வந்த வினை என்றுதான் கணக்கு டீச்சர் எல்லோரிடமும் சொன்னாள்.

மடியில் விடைத்தாள்கள். கையில் சிவப்புப் பேனா. வெளியே நல்ல மழை. டிரைவர் பிரேக்கை மிதிக்க, பேனா தாளைத் தாண்டி ஓடி, பக்கத்து சீட்டுக்காரனின் வெள்ளைச் சட்டைக் கையில் போய் நின்றது. பார்த்தால்... அச்சு அசலாக ஒரு டிக்.

"ஐயோ... சாரி சார்!"

அவன் சட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று அவள் காத்திருக்க, அந்தக் கண்களில் சிரிப்பு வந்தது.

"பரவாயில்லைங்க. தப்புன்னு போடாம விட்டீங்களே..."

கல்லூரி நிறுத்தத்தில் இருவருமே இறங்கினார்கள். அரை மணி நேரம் கழித்து, புள்ளியியல் துறை அறைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தவளை மேசைக்குப் பின்னாலிருந்து வரவேற்றது அதே சிவப்பு டிக்.

"வாங்க டீச்சர். இன்னொரு கைக்கும் போடணுமா?"

அவள் வந்த காரியம் வேறு. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுப் பாடம் ஒன்றைப் படித்துத் தேற அந்தக் கல்லூரியில் ஒரு திட்டம் இருந்தது. தேறிவிட்டால் பிறகு அதைக் கல்லூரியில் மறுபடி படிக்க வேண்டாம். ஆனால் அது பக்கத்திலிருந்த பெரிய பள்ளிகளோடு நின்றுவிட்டது. அவளுடைய பள்ளி, பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இருந்தது. அங்கே கல்லூரி என்பது பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒரு கட்டடம், அவ்வளவுதான். அவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள்.

"நுழைவுத் தேர்வுல பாஸ் பண்ணட்டும். தாராளமா சேத்துக்கறேன்," என்றான் அவன்; அந்தத் திட்டத்தை நடத்தும் விரிவுரையாளன் அவன்தான்.

அன்றிலிருந்து தேர்வைப் பற்றிக் கேட்க அவள் அடிக்கடி கல்லூரிக்குப் போனாள். தினமும் பள்ளிக்குப் போவதும் அதே பஸ்ஸில்தான்... அவன் பையை வைத்து அவளுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைப்பான். கண்டக்டர் வந்தால், "பை இல்ல சார், ஆள் வருது," என்பான். பேச்சு பாதி பாடம், பாதி கேலி. வீட்டில் அக்கா மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"சிவப்பு மை என்னடி சொல்லிச்சு இன்னிக்கு?"

"சும்மா இரு, அக்கா..."

தேர்வு முடிவு வந்தது. அவளுடைய மாணவர்களில் ஒரே ஒரு பெண் தேறியிருந்தாள். அவளும், "நான் மட்டும் போகல மிஸ்," என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"உள்ளேயே விடாம, உள்ள என்ன இருக்குன்னு கேட்டா எப்படி சார்? இது பாடத்தைப் படிச்சு முடிச்சவங்களுக்கு வைக்கிற பரீட்சை."

"தரம்னு ஒண்ணு இருக்கில்ல டீச்சர்? பாதியில திணறினா அவங்க மனசுதான் உடையும்."

"இப்ப உடையலயா? இதே கேள்வித்தாள உங்க முதலாண்டு பசங்ககிட்ட குடுத்துப் பாருங்க. அப்புறம் தரத்தைப் பத்திப் பேசலாம்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அன்னிக்கு உங்க சட்டையில தப்புன்னுதான் போட்டிருக்கணும்!"

மறுநாளிலிருந்து அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

"என்னடி, பஸ்ஸ மாத்திட்ட?"

"மழை, அக்கா..."

"மழை எல்லா பஸ் மேலயும்தான் பெய்யுது." அக்கா அதற்கு மேல் தோண்டவில்லை.

ஒரு மதியம். வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு ஓடியது. "மிஸ், யாரோ குடையோட சண்டை போட்டுக்கிட்டு வராரு!"

ஆசிரியர் அறை வாசலில் சொட்டச் சொட்ட நின்றான் அவன்.

"குடுத்துப் பாத்தேன்," என்றான்.

"எதை?"

"பரீட்சைய. என் பசங்களுக்கு. பாதிக்கு மேல ஃபெயில்..." தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு கேள்விக்கு நானே கொஞ்சம் முழிச்சேன்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"துறையில பேசியாச்சு. இனி நுழைவுத் தேர்வு கிடையாது. ஆசை இருக்கறவங்க எல்லாரும் சேரலாம். அவங்க அவ்வளவு தூரம் வர வேண்டாம்... வாரத்துல ரெண்டு சாயங்காலம் நானே இங்க வந்து நடத்தறேன். திணறினா கூட உக்காந்து சொல்லித் தரேன்."

நெஞ்சு நிறைந்தது. உடனே ரோஷமும் எட்டிப் பார்த்தது.

"எனக்காகவா இதெல்லாம்? அப்படின்னா வேண்டாம் சார். என் பசங்க யார் தயவுலயும் படிக்க வேண்டாம்."

"தயவா? அவங்களுக்குச் சேர வேண்டியது டீச்சர். நான்தான் குறுக்கே நின்னேன். பாடம் அவங்களுக்காக."

"சரி... காலேஜ் கார் இருக்குமே. எதுக்கு இப்படி நனைஞ்சுகிட்டு பஸ்ல?"

அவன் நனைந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பஸ்... அது உங்களுக்காக. இப்பல்லாம் ஜன்னலோரத்துல பை மட்டும்தான் உக்காந்து வருது. பாக்கவே சகிக்கல." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியல."

அவள் கண்களைத் தாழ்த்தினாள். அப்போதுதான் அவன் சட்டைக் கையைப் பார்த்தாள்... வெளிறி, ரோஸ் நிறமாகி, இன்னும் அங்கேயே இருந்தது அந்த டிக்.

"இது துவைச்சாப் போயிடுமே..."

"போயிடும்னுதான் அழுத்தித் துவைக்கல."

வெளியே மழை விடுவதாக இல்லை. மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை விரலால் உருட்டிக்கொண்டே, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு... பஸ் அவ்வளவு ஒண்ணும் குலுங்கல. நான்தான் தாளைப் பாக்காம, உங்களைப் பாத்துட்டு இருந்தேன்."