நாடிப்பூட்டு

2067 மார்ச் 9, விளாத்திகுளம். தனியார் பெண்கள் சிறையின் மூன்றாம் தொகுதியில் அறுபத்திரண்டு கைதிகள், ஒரு காவலர்.

காவலர் சண்முகக்கனி முந்தைய நாள் காலையில் வேலைக்கு வந்தவள். அவளை மாற்றிவிட வேண்டியவள் இறால் ஆலைக்குப் போய்விட்டாள். அங்கே சம்பளம் கூடுதல். மதியம் ஏழாம் அறையில் ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

கனி கதவுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

நாடிப்பூட்டு காவலரின் கையோடு நாடியையும் படிக்கும். கழுத்தில் கத்தி வைத்துத் திறக்கச் சொன்னால் நாடி பதறும், பூட்டு திறக்காது. அதை நம்பித்தான் நால்வர் வேலைக்கு ஒருவர் போதும் என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. மிரட்டலில் பதறும் நாடியையும் தூக்கமில்லாமல் பதறும் நாடியையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

மறுபடி சிவப்பு. கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். பதிவுசெய்த குரல் காத்திருக்கச் சொன்னது.

"கனியக்கா, ரத்தமா வாந்தி எடுக்கா," என்றாள் அதே அறையிலிருந்த முப்பிடாதி.

"நான் என்னட்டி செய்ய? இந்தச் சனியன் என்னை நம்ப மாட்டேங்குதே!"

"பதறாதிய. கையை எடுக்காம அப்படியே கதவுல சாஞ்சி உக்காருங்க."

"இங்க உயிரு போகுது, உக்காரச் சொல்லுதியே!"

"நான் போயிட்டா உங்களுக்கு ஒரு ஆள் வேலை மிச்சம்க்கா," என்று முனகினாள் ரெஜினா.

"வாயை மூடுட்டி," என்ற கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்தாள்.

முப்பிடாதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க மதினி கல்யாணத்துல, சமையக்காரன் பாயசத்துல உப்பை அள்ளிப் போட்டுட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்தாச்சு..." ரெஜினாவின் தலையை மடியில் வைத்தபடி, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். பாயசம் இலைக்கு வருமுன் கனியின் தலை சாய்ந்தது. மூச்சு சீரானது. பச்சை விளக்கு எரிந்தது.

முப்பிடாதி கதவை மெல்ல நகர்த்தி, கனியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரெஜினாவைத் தோளில் சுமந்து மருத்துவப் பிரிவுக்கு நடந்தாள். வழியில் இருந்த காவல் மேசைகள் காலி. மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, அறைக்குள் நுழைந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். கனி விழிக்கவில்லை.

ரெஜினா பிழைத்தாள். அறையை விட்டுத் தப்பிய குற்றத்துக்காக முப்பிடாதிக்குத் தண்டனை இரண்டு ஆண்டு கூடியது. பணியில் தூங்கியதற்காகக் கனி நீக்கப்பட்டாள். விசாரணைக் குழு பூட்டைச் சோதித்தது. அதில் பழுது இல்லை. மூன்றாம் தொகுதியை இப்போது இரண்டாம் தொகுதியின் காவலர் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்.