பெயர் சொல்லாத படையல்

சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்து மேசையில் இருந்த மடிக்கணினி ஒருமுறை மணியடித்தது. அகல்யாவுக்குப் பழகிய மணிதான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகக் கோப்பு எதையும் அவள் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை.

அந்த மணிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. கோலாலம்பூரில் இருக்கும் சின்ன நிறுவனம் ஒன்று ஒரு மென்பொருளை விற்கிறது. காப்புறுதி முகவர் ஒருவர் வாடிக்கையாளருக்குக் கோப்பு அனுப்பினால், அவர் அதை எப்போது திறந்தார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், எங்கே சலித்துப்போய் மூடினார் என்று அனுப்பியவருக்கு அது கோள் சொல்லிவிடும். படித்துவிட்டு, இன்னும் பார்க்கவில்லை என்று இனி யாரும் கதை விட முடியாது. அந்த மென்பொருள் ஒழுங்காகக் கோள் சொல்கிறதா என்று சுங்கை ஊடாங்கில் தன் வீட்டிலிருந்தே சோதித்துப் பார்ப்பது அகல்யாவின் உத்தியோகம்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். 'அவர் உங்கள் கோப்பைத் திறந்தார்' என்றது திரை.

'அவர்' என்றால் அவள் கணவர் ஹரிதாஸ். போன மழைக்காலத்தில், எண்ணெய் ஆலை வேலை முடிந்து வரும் பேருந்திலேயே நெஞ்சு வலித்து இறந்துபோனவர். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் லூபோக் சீனாவுக்கும் சுங்கை ரம்பாய்க்குமாகக் கார் ஏறிப் போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லை. பிள்ளையும் இல்லை. அவர் இருந்த காலத்தில் வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "அகல்யா, அப்புறம்?" என்பார். அவள் அன்றைய கதையைத் தொடங்குவாள். அந்த 'அப்புறம்' போனதிலிருந்து சொல்லாத கதைகளெல்லாம் அவளுக்குத் தொண்டையிலேயே நின்றன.

அதனால் எழுதினாள். சாயங்காலம்தோறும் ஒரு கோப்பு, 'என்னங்க' என்று தொடங்கி. எழுதியதை, சோதனைக்கென்று அவர் பெயரில் எப்போதோ திறந்த கணக்குக்கு அனுப்புவாள். அவர் பெயரில் என்பதும் பொய். கணக்குக்குப் பெயர் கேட்டபோது அவளுக்குக் கை ஓடவில்லை. கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் விரலால் மட்டும் சொல்லிவிடுவாளா? 'அவர்' என்று தட்டி வைத்தாள். அனுப்பிய கோப்புகள் திறக்கப்படாமலே கிடந்தன. அதுதானே நியாயம்.

இப்போது ஒன்று திறந்திருந்தது. அகல்யா முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தாள். திறப்பது வேறு, படிப்பது வேறு என்பது அவள் தொழிலின் பால பாடம். கணினிக் கிருமி தேடும் நிரல்களும் கோப்பைத் திறக்கும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் விழுங்கிவிட்டுப் போய்விடும். இது அப்படி இல்லை. முதல் பக்கத்தில் கொஞ்ச நேரம். அடுத்த பக்கத்தில் அதைவிட நேரம். பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்தை மறுபடியும். ஆள் படிக்கிற படிப்பு. படித்த கருவி எது என்று பார்த்தாள். அவருடைய பழைய மடிக்கணினி.

அது பின்னறை அலமாரியில் அவர் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. பொத்தானை அழுத்தினாலும் உயிர் வரவில்லை. மாதக்கணக்கில் மின்சாரம் காணாத பெட்டிக்கு எங்கிருந்து உயிர் வரும்? அகல்யா பயந்திருக்க வேண்டும். அவளோ அந்தச் சட்டைகளில் முகத்தைப் புதைத்து அழுதாள், பிறகு வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

அதற்கப்புறம் பக்கம் பக்கமாக எழுதினாள். ஒவ்வொரு நாளும் அனுப்பிய சற்று நேரத்தில் மணியடித்தது. கருவாட்டுக் குழம்பு வைத்து நாளாகிறது என்று எழுதினாள். சீனி போடாத கோப்பியை ஒற்றை ஆளுக்குக் கலக்கும்போது அளவு தப்பிப்போகிறது என்று எழுதினாள். தலைமுடி கொட்டுவதை எழுதினாள். யாரோ படிக்கிறார்கள் என்றால் மனிதர்களுக்கு எழுத எவ்வளவோ இருக்கிறது.

அடுத்த வீட்டு ஜெயமணி அக்கா தினமும் பொழுது சாயும் நேரத்தில் வேலிப் பக்கம் வந்து, "தங்கச்சி, இருக்கியா?" என்று குரல் கொடுப்பார். "இருக்கேன்க்கா" என்பாள் அகல்யா. தனியாக இருப்பவள் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று அக்கா தாமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. பதில் கேட்டதும் போய்விடுவார். ஒருநாள் வாழைப்பழம் பொரித்திருந்ததால் தட்டோடு நின்றார்.

"மூஞ்சி தெளிஞ்சிருக்கே. என்னா விசயம்?"

"அவரு வர்றாருக்கா," என்றாள் அகல்யா. சொல்லிவிட்டு, மணியடிப்பதையும் சொன்னாள்.

ஜெயமணி அக்கா சிரிக்கவில்லை. தட்டை வேலியின் மேல் வைத்தார்.

"எட்டாம் நாள் பின்னறையில படையல் போட்டோமே, ஞாபகம் இருக்கா? வாசப்படியில திருநீறு பரப்பி, பேரச் சொல்லிக் கூப்புடுன்னு ஒன்னத்தானே சொன்னோம். சொன்னியா?"

"என்னங்க வாங்கன்னு கூப்பிட்டேன்க்கா. பேரு வாயில வரல."

"கதவ சாத்திட்டு வெளிய நின்னோம். தட்டிட்டுத் தொறந்தா, வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா திருநீறுல ஒரு தடமும் இல்ல. அப்பவே எனக்கு மனசு சரியில்ல லா." அக்கா குரலைத் தணித்தார். "பேரச் சொல்லாம எல போட்டா, பசிச்சது எதுன்னாலும் வந்து ஒக்காரும். நீ இன்னும் எல போட்டுக்கிட்டே இருக்கியே தங்கச்சி."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அகல்யா தட்டோடு உள்ளே வந்தாள். பலகாரத்தைக் கடித்தாள். மென்றுகொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

ஹரிதாஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மலாய்ப் பள்ளியில் படித்தவர். பேசுவார், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தமிழ்ப் பத்திரிகையை இத்தனை வருடமும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். அது எப்படி மறந்தது? வாசித்துக் காட்டுகிற நினைப்பிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் மலாயில் ஒரு கோப்பு எழுதினாள். சுருக்கமாக. அவர் காதலித்த காலத்தில் அவளுக்கு அனுப்பிய மலாய் வரிகளையே அதில் போட்டாள். எந்த உலகத்தில் இருந்தாலும் அதைப் பார்த்தால் அவர் திறக்காமல் இருக்க மாட்டார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். காலை போனது. மத்தியானம் மேகம் கறுத்து மழை பிடித்தது. மணி அடிக்கவில்லை. தமிழில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள். கையை எடுக்கும் முன்னே மணியடித்தது.

அவர் இல்லை.

அவர் வரவே இல்லை. அந்த நினைப்பு பயத்தைவிட முதலில் வந்து, பயத்தைவிட அதிகமாக வலித்தது.

வந்திருப்பது எதைத்தான் படித்தது? பக்க விவரங்களைத் திறந்தாள். ஹரிதாஸைப் பற்றி அவள் உருகி எழுதிய பக்கங்களில் அது நிற்கவே இல்லை. அவளைப் பற்றிய பக்கங்களில் நின்றது. என்ன சாப்பிடப் பிடிக்கும் என்ற பக்கத்தில். எந்த நாற்காலியில் எப்படிக் காலை மடித்து உட்காருவாள் என்ற பக்கத்தில். ஒரு பக்கத்தை மட்டும், பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி, திரும்பத் திரும்பப் படித்திருந்தது. 'சாயங்காலம் அக்கா வந்து இருக்கியான்னு கேப்பாங்க. இருக்கேன்க்கான்னு சொல்லுவேன். அதோட அன்னைய பேச்சு முடிஞ்சிரும்.'

கணக்கை அழித்தாள். மணியடித்தது. ஒலியை நிறுத்தினாள். மணியடித்தது. மடிக்கணினியையே அணைத்து மூடினாள்.

மணி பின்னறையிலிருந்து அடித்தது.

மழை ஓட்டின் மேல் இரைந்தது. மின்சாரம் போயிருந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்த கூடத்தில் ஒரு வாசனை மெல்லப் பரவியது. கருவாட்டுக் குழம்பு. பொரித்த அப்பளம். சீனி போடாத கோப்பி. அவள் வீட்டு அடுப்பு காலையிலிருந்து எரியவில்லை.

பிறகு ஒரு குரல்.

"மாயாண்டி மகள் அகல்யா."

தகப்பன் பெயர் சேர்த்து. முறையாக. படையலில் கூப்பிடுகிற மாதிரி.

ஓடியிருக்கலாம். வாசல் கதவு நாலு எட்டில் இருந்தது. ஆனால் அவர் போன பிறகு அவள் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கச்சி, மேடம், அண்ணி என்பார்கள். பெயர் இல்லை. அந்தக் குரல் அவருடையது இல்லை என்று தெரியும். தெரிந்தும், ஒருவேளை, என்று ஒரு பாழும் ஆசை. கால்கள் நடந்தன. கதவைத் தள்ளினாள்.

அறையில் யாரும் இல்லை.

தரையில் வாழை இலை. இலை நிறைய அவளுக்குப் பிடித்தது. ஆவி பறக்கும் கோப்பி. விளக்கு. விளக்குக்குப் பின்னால் சுவரில் சாய்த்து ஒரு படம், மாலையோடு. அது ஹரிதாஸின் படம் இல்லை. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து. மரியாதையாக.

காலடியைப் பார்த்தாள். வாசற்படி நெடுக வெள்ளையாகத் திருநீறு பரப்பியிருந்தது. அதைக் கடந்துதான் உள்ளே வந்திருக்கிறாள்.

ஒரு தடமும் இல்லை.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. யாரோ காலை மடித்து உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது. வேலிப் பக்கம் ரப்பர்ச் செருப்புச் சத்தம்.

"தங்கச்சி, இருக்கியா?"

அக்கா. அகல்யா கதவில் மோதினாள். அறைந்தாள். சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தாள். முழு பலத்தையும் கூட்டிக் கத்தினாள்.

"இருக்கேன்க்கா," என்றது கூடத்திலிருந்து அவள் குரல்.

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.